சங்கிலிக்குத் தண்ணீர்

அக்டோபர் 1, புதன்

இன்று ஆயுத பூஜை. மாமா இந்த டைரியைக் கொடுத்தார். நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்ததாம். ஒன்பது மாதம் அலமாரியில் சும்மா கிடந்திருக்கிறது. "வாயைத் திறந்துதான் பேச மாட்டேங்கற. இதுலயாவது பேசு பாப்பா" என்றார்.

மாமா என்றால் என் அக்கா அகிலாவின் வீட்டுக்காரர். பெயர் குமரேசன். பன்னிரண்டு வருஷம் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வயரிங் வேலை பார்த்தவர். பட்டறையை மூடிய பிறகு, அங்கே ஓரமாகக் கிடந்த இரண்டு சக்கர டிரெய்லரின் மேல் இரும்புச் சட்டம் அடித்து, வெளியே தகரமும் உள்ளே பிளைவுட்டும் வைத்து ஒரு சின்ன வீடு கட்டினார். இரண்டு படுக்கை, ஒரு மேசை, ஃபேன், லைட், கெட்டில் வைக்க ஒரு பிளக். அதை ஜீப்பில் கட்டி, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொல்லிமலைக்குக் கொண்டுவந்தார். இப்போது சோளக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பித் தோட்டத்து ஓரமாக நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் அதைக் கேரவன் என்கிறார்கள். நாங்கள் வண்டி என்போம். பக்கத்திலேயே ஓட்டு வீட்டில் நாங்கள் இருக்கிறோம். அக்கா சமையல். நான் பெருக்குவது, படுக்கை விரிப்பது, இனியனைப் பார்த்துக்கொள்வது. இனியன் அக்கா மகன், இரண்டு வயது.

என் பெயர் கலைமதி. பதினேழு வயது. பத்தாவது அரையாண்டுப் பரீட்சையோடு நின்றுவிட்டேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்ததால் நின்றேன் என்று எல்லாரிடமும் சொல்கிறோம். குழந்தை பிறந்தது உண்மைதான். பெயர் கூப்பிடும்போது என் குரல் வெளியே வராது, வகுப்பில் உட்கார்ந்துகொண்டே எத்தனையோ நாள் ஆப்சென்ட் ஆகியிருக்கிறேன், அதுவும் உண்மைதான்.

பூஜைக்கு மாமாவின் சாமான்களை நான்தான் துடைத்து வைத்தேன். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டெஸ்டர், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். வண்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டினோம். வண்டிக்கு அடியில் தொங்கும் சங்கிலிக்கும் பொட்டு வைத்தேன். மாமா சிரித்தார். "சரியா வச்ச. அதுதான் வண்டிக்கே காவல்" என்றார்.

அந்தச் சங்கிலிதான் வண்டிக்கு எர்த். டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் ரோட்டில் உரசிக்கொண்டு போகுமே, அதே மாதிரி. கீழே கல்லை உடைத்து முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து, உப்பும் கரியும் போட்டு அதில் சங்கிலியின் நுனியை விட்டிருக்கிறார். அதற்குமேல் தோண்ட முடியவில்லை, பாறை. தினமும் காலையில் அந்தக் குழிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது என் வேலை. "பெட்ரோல் டேங்கருக்கே இந்தச் சங்கிலிதான் எர்த்து. பெட்ரோலையே காப்பாத்தறது உங்க கரன்டைக் காப்பாத்தாதா" என்று மாமா தங்க வருகிறவர்களிடம் சொல்வார்.

அக்டோபர் 2, வியாழன்

இனியனுக்குச் சளி. மிளகு ரசம் வைத்தோம்.

அக்டோபர் 3, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து புதிதாகக் கல்யாணமானவர்கள் வருகிறார்கள். வண்டியில் முகம் பார்க்கக் கண்ணாடி இல்லையே, ஒன்று மாட்டிவிடு என்று அக்கா சொன்னாள். மாமா சாமான் வாங்க நாமக்கல் போயிருந்தார். வண்டிச் சுவரில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது என்பது மாமாவின் கண்டிப்பு. "எங்க வயர் ஓடுதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்பார். ஃபோன் செய்து கேட்டிருக்கலாம். எனக்கு ஃபோனில் பேச வராது.

ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு திருகு கொக்கியைத் திருகினேன். முதலில் சுலபமாகப் போனது, பிறகு கொஞ்சம் இறுக்கமாக. கடைசிச் சுற்றில் லைட் ஒரு தரம் அணைந்து எரிந்தது. மழைக்காலத்தில் இங்கே அப்படித்தான் ஆகும். கண்ணாடியை மாட்டினேன். அழகாக இருக்கிறது.

மாமா சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "கண்ணாடி யார் மாட்டினது?" என்றார். அக்கா, "நல்லாருக்குதில்லங்க" என்றாள். பசை போட்டு ஒட்டியது என்று மாமா நினைத்துக்கொண்டார் போல. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஈரோட்டுக்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். புல்லில் பனி இருந்தது. அந்த அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். பிறகு வண்டியில் ஏறக் கைப்பிடியைப் பிடித்தவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். அந்தக் கைப்பிடி ஒரு பழைய லாரி கேபினிலிருந்து மாமா கழற்றிப் போட்டது.

"என்னமோ சுரீர்ங்குதுங்க" என்றார்.

"என்னைப் பார்த்தா அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர் வீட்டுக்காரர்.

"ஆமா, கரன்டுக் கம்பம் மாதிரி நின்னா வேறென்ன பண்ணும்."

மாமாவும் சிரித்தார். "பாலியஸ்டர் துணிக்கு இந்தக் குளிர்ல அப்படி இருக்குமுங்க. செருப்பைப் போட்டுக்கங்க, சரியாயிரும்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினார். ஒன்றும் ஆகவில்லை. நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் காலில் எப்போதும் ரப்பர் செருப்புதான்.

அக்டோபர் 6, திங்கள்

மழை. ஈரோட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். "மழையே குழிக்கு ஊத்திருச்சு. உனக்கு இன்னிக்கு லீவு" என்றார் மாமா.

அக்டோபர் 8, புதன்

அக்கா படியில் வழுக்கி விழுந்துவிட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. மத்தியானம் வரை மழை பெய்து விட்டிருந்தது. வண்டிக்குள் நான் மெத்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா துவைத்த போர்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டிலிருந்து அப்படியே வெறுங்காலில் வந்திருக்கிறாள். கல் படியில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தாள். அம்மா என்றுகூடக் கத்தவில்லை. பாதியில் நின்ற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்பக்கமாகக் கல்லில் விழுந்திருந்தாள். கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம். கட்டுப் போடுவதற்கு முன்னால் டாக்டரம்மா அக்காவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன, சுட்ட மாதிரி?" என்றார். வெள்ளையாக ஒரு கோடு இருந்தது.

"பாத்திரம் சுட்டுருச்சுங்க" என்றாள் அக்கா.

எப்போது சுட்டுக்கொண்டாள் என்று எனக்கு ஞாபகமில்லை.

மாமா ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "அந்தக் கல்லு பாசி பிடிச்சிருச்சுன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். என் தப்புதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்டோபர் 10, வெள்ளி

மாமா காலையிலிருந்து படிக்கல்லைக் கொத்தினார். அம்மிக்குக் கொத்துவதுபோல் உளியால் புள்ளி புள்ளியாக. தூறலில் நான் குடை பிடித்தேன். கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, கல்லையே திட்டிக்கொண்டு கொத்தினார். "இனி யாரும் வழுக்க மாட்டாங்க பாப்பா" என்றார். உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது.

அக்கா வீட்டுத் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இனியன் வண்டிப் பக்கம் ஓடினான். அவள் ஒரு கையாலேயே அவனை இழுத்து மடியில் போட்டு முதுகில் ஒன்று வைத்தாள். அவள் அவனை அடித்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 11, சனி

மாமா ஏதோ வேலையாக ஒரு ஆளைப் பார்க்கச் செம்மேடு போனார். அக்காவும் இனியனும் தூங்கினார்கள். மாமாவின் சாமான் பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கரன்ட் இருக்கும் இடத்தில் வைத்து, மேலே விரலால் தொட்டால் உள்ளே சிவப்பாக எரியும். எல்லா வீட்டிலும் இருப்பதுதான்.

கைப்பிடியில் வைத்தேன். எரிந்தது.

கதவில் வைத்தேன். எரிந்தது. ஜன்னல் கம்பியில், பின்பக்கத் தகரத்தில், எண் எழுதாத நம்பர் பிளேட்டில். கடைசியாகச் சங்கிலியில் வைத்தேன். குழிக்குள் போகும் வளையத்துக்கு ஒரு சாண் மேலே வரைக்கும் எரிந்தது.

டெஸ்டரைத் துடைத்து அதே இடத்தில் வைத்துவிட்டேன். அது பழைய டெஸ்டர்.

அக்டோபர் 12, ஞாயிறு

கண்ணாடியை எடுத்துவிட்டேன். வீட்டு மெயினை அணைத்துவிட்டுக் கொக்கியைத் திருகிக் கழற்றினேன். கொக்கியின் நுனி கறுத்திருந்தது. ஓட்டையில் துணி சோப்பைப் பிசைந்து அடைத்து, விரலால் வழித்துவிட்டேன். பிளைவுட் நிறத்துக்கும் சோப்பு நிறத்துக்கும் அதிக வித்தியாசமில்லை. மெயினைப் போட்டு மறுபடி டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் எரியவில்லை. ஆறு இடத்திலும் பார்த்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது. கண்ணாடி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கொக்கியை என் துணிப்பைக்குள் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

அக்காவுக்குத் தலை வாரிவிட்டேன். ஒற்றைக் கையால் சோறு பிசைய வரவில்லை, ஊட்டிவிட்டேன். "இனியனுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாயா? நல்ல ஆயா வேலை உனக்கு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னடி, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு. கைதான உடைஞ்சது" என்றாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. பத்தொன்பதாம் தேதி முதல் மூன்று நாள். இரண்டு பிள்ளைகள், எட்டு வயதும் ஐந்து வயதும். மாமா முகம் தெளிந்துவிட்டது. வண்டிக்குப் புதுத் திரைச்சீலை தைக்கச் சொன்னார்.

என் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் இன்னும் இருக்கிறது. மின்சாரப் பாடத்தை எடுத்துப் படித்தேன். எதற்கு என்று தெரியவில்லை. வீட்டு இணைப்புக்கு மூன்று கம்பி வர வேண்டும் என்று படம் போட்டிருக்கிறது. கரன்ட் வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று, மூன்றாவது பச்சை. பொருளின் உடம்பில் கரன்ட் கசிந்தால் அந்தப் பச்சைக் கம்பி அதை மண்ணுக்குக் கொண்டுபோய்விடும். ஃபியூஸ் போய்விடும். ஆள் பிழைத்துக்கொள்வார்.

வண்டியில் போய்ப் பார்த்தேன். உள்ளே பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது. வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து வண்டிக்கு வருகிற கேபிளில் இரண்டு கம்பிதான் இருக்கிறது. மூன்றாவது ஓட்டையிலிருந்து கிளம்பும் கம்பி, படுக்கைக்கு அடியில் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிகிறது. அவ்வளவுதான்.

லாரியில் அப்படித்தான் என்று மாமா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பேட்டரியிலிருந்து ஒரு கம்பி போனால் போதும், திரும்பி வருவது பாடி வழியாக. லாரிக்கு பாடிதான் எர்த். இந்த வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது. மண்ணைத் தொடுவது அந்தச் சங்கிலி ஒன்றுதான். துருப்பிடித்த வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்று சும்மா சாய்ந்துகொண்டு.

கொக்கியைக் கழற்றியாகிவிட்டது. ஆனால் நாளைக்கு வேறு ஏதாவது கசிந்தால், அதற்கும் போக இடமில்லை.

இன்று காலையிலும் குழிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபர் 15, புதன்

மாமாவிடம் போய் நின்றேன். ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார், கால்தான் தெரிந்தது. முகம் தெரியாவிட்டால் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

"மாமா."

"என்ன பாப்பா."

"மாமா, வண்டில…"

"வண்டில என்ன?" என்று தலையை வெளியே நீட்டிவிட்டார்.

"குழிக்குப் போட உப்பு தீந்துருச்சு" என்றேன்.

"அட, வாங்கிட்டு வந்துடறேன். என் மச்சினிச்சி மாதிரி வேலைக்காரி யாருக்குக் கிடைப்பா" என்று மறுபடி உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 16, வியாழன்

கோயம்புத்தூர் அம்மா ஃபோன் செய்தார். மாமா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"பசங்களைப் பச்சைத்தண்ணில குளிக்க வைக்க முடியாதுங்க. எங்க வீட்டு ஹீட்டர் ராடு எடுத்துட்டு வரட்டுங்களா? பக்கெட்டுல போடுவமே, அது."

"தாராளமா எடுத்துட்டு வாங்க" என்றார் மாமா. "வண்டில தனியா எர்த்தே போட்டிருக்குதுங்க. பயமே வேண்டாம்."

அக்கா அடுப்பு முன்னால் இருந்தாள். மாமா அப்படிச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு அவள் கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்ட ஆரம்பித்தாள்.

அந்தப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டிருக்க வேண்டாம். ஸ்பீக்கரில் பின்னால் அந்த அம்மா அவர்களைக் கூப்பிட்டது கேட்டது. ரிதன், ஆதினி.

அக்டோபர் 17, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாமாவின் பெட்டியில் ஒரு குண்டு பல்பு இருக்கிறது. ஹோல்டரில் இரண்டு நீள வயர் கட்டியது. வீட்டு வேலைக்கு அதை வைத்துத்தான் எல்லாம் சோதிப்பார். ஒரு வயரைக் கரன்டிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தால் எரிய வேண்டும். லாரியிலும் இதே மாதிரிதான், சின்ன பல்பு. அவர் நம்பும் சாமான் அது.

பத்து மணிக்கு மாமா புதுத் திரைச்சீலை மாட்ட வண்டிக்குள் போனார். அக்காவும் இனியனும் வீட்டுக்குள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன். வண்டியின் கதவைச் சாத்தினேன். பல்பை மாமாவிடம் நீட்டினேன்.

"எதுக்கு?"

பிளக்கைக் காட்டினேன். முதலில் மேல் ஓட்டையைக் காட்டினேன். மூன்றாவது ஓட்டை அது.

"எர்த்தைச் செக் பண்ணச் சொல்றியா? நீ எப்ப இஞ்சினியர் ஆன?" சிரித்துக்கொண்டே ஒரு வயரைக் கரன்ட் ஓட்டையிலும் ஒன்றை மேல் ஓட்டையிலும் சொருகினார்.

எரியவில்லை.

"பல்பு போயிருச்சு" என்றார்.

மேல் ஓட்டையிலிருந்த வயரை எடுத்துப் பக்கத்து ஓட்டையில் வைக்கும்படி விரலால் காட்டினேன். வைத்தார். பளிச்சென்று எரிந்தது. அவர் சிரிப்பு போகவில்லை. மறுபடி மேலே வைத்தார். அணைந்தது. கீழே. எரிந்தது. மேலே. உள்ளே கம்பி மட்டும் ஒரு நூல் மாதிரி லேசாகச் சிவந்து, அதுவும் போய்விட்டது. நாலைந்து தரம் மாற்றி மாற்றி வைத்தார். வயரின் நுனியைப் பல்லால் சீவி வைத்தார். பிறகு வைப்பதை நிறுத்திவிட்டுப் பல்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சங்கிலி இருக்குதே" என்றார். என்னிடம் சொல்லவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "இதைச் செக் பண்ணணும்னு உனக்கு ஏன் தோணுச்சு?" என்றார்.

துணிப்பையிலிருந்து கொக்கியை எடுத்து அவர் கையில் வைத்தேன். ஜன்னல் பக்கம் போய்ச் சுவரிலிருந்த சோப்பை நகத்தால் நோண்டி எடுத்தேன். ஓட்டை தெரிந்தது. கொக்கியின் கறுத்த நுனியையும் ஓட்டையையும் பார்த்தார். எந்தச் சட்டத்தின் மேல் எந்த வயர் போகிறது என்று அவருக்குத்தான் தெரியுமே. அவர் உதடு அசைந்தது, நாட்களை எண்ணுவதுபோல.

"எப்ப மாட்டின?"

"மூணாந்தேதி." என் குரல்தான். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

"எப்பத் தெரியும்?"

"பதினொண்ணாந்தேதி டெஸ்டர் வச்சுப் பாத்தேன். அதுக்கு முன்னாடி…" அதற்கு முன்னால் தெரியாது என்று சொல்லப் போனேன். லைட் அணைந்து எரிந்தது ஞாபகம் வந்தது. அந்த ஈரோட்டு அக்கா கையை எடுத்தது ஞாபகம் வந்தது. "அதுக்கு முன்னாடியே தெரியும் மாமா" என்றேன்.

"அப்ப அகிலா…"

"வழுக்கலீங்க" என்றாள் அக்கா.

கதவைத் திறந்துகொண்டு வெளியே கல் படியில் நின்றிருந்தாள். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்திருந்தாள். இன்னொரு கையில் முந்தானையைச் சுற்றி, அதால் கதவைத் தள்ளியிருந்தாள். இந்தப் பத்து நாளாக அவள் இப்படித்தான் கதவைத் திறக்கிறாள். ஒற்றைக் கைக்குப் பிடிமானம் வேண்டும், அதனால்தான் என்று நான் எழுதாவிட்டாலும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கையைப் பிடிச்சு இழுத்துது. விடவே மாட்டேன்னுது. போர்வை கனத்துலதான் பின்னால சாஞ்சேன், இல்லேன்னா இன்னும் அங்கயே நின்னுருப்பேன்" என்றாள்.

"ஏண்டி சொல்லல?" மாமா எழுந்துவிட்டார். தலை கூரையில் இடித்தது. "ஏன் சொல்லல? நான் பாட்டுக்கு நாள் பூரா கல்லைக் கொத்திக்கிட்டு உக்காந்திருக்கறேன். பாத்துக்கிட்டேதான இருந்த?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." அக்கா அழவில்லை. "பட்டறையை மூடினப்ப மூணு மாசம் சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தீங்க. சோறு வச்சா வச்சது வச்சபடி இருக்கும். இந்த வண்டியைக் கட்ட ஆரம்பிச்சப்புறம்தான் மனுசனா ஆனீங்க. இதுவும் தப்பா கட்டிட்டீங்கன்னு நான் வந்து சொல்லணுமா?"

வீட்டுக்குள்ளிருந்து இனியன் அக்காவைக் கூப்பிட்டான்.

"கோயம்புத்தூர் ஃபோன்ல அவங்க ராடு கொண்டு வர்றேன்னாங்க. நேத்துப் பூரா சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். வாயே வரல" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ மாட்டின கொக்கியாடி அது?"

"ஆமாக்கா."

அவள் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருக்கலாம்.

மாமா மறுபடி உட்கார்ந்தார். கொக்கியை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். "கொக்கி மாட்டினது உன் தப்புதான், இல்லேங்கல. வயர்ல ஒண்ணு குத்தத்தான் செய்யும், என்னைக்காவது எலி கடிக்கும், ஒண்ணு நடக்கும். அப்ப ஆளு சாகாம இருக்கறதுக்குத்தான் எர்த்து. அது போட வேண்டியது நான்" என்றார். கடைசியில் குரல் உடைந்துவிட்டது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

மாமா காலையில் மீட்டர் பெட்டியில் வண்டி கேபிளைக் கழற்றிச் சுருட்டினார். பிறகு கோயம்புத்தூருக்கு ஃபோன் செய்தார். ஸ்பீக்கரில் போடவில்லை. அவர் பேசியது மட்டும் கேட்டது.

"வர வேண்டாமுங்க… இல்லீங்க, வேற பார்ட்டிக்குக் கொடுக்கல… ரிப்பேரும் இல்லீங்க. எர்த்து இருக்குதுன்னு சொன்னேனில்லீங்க, அது இல்ல. நான் தப்பா போட்டுட்டேன்… ஆமாங்க, நானேதான்."

நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னார். ஃபோனை வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனவர் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். அக்கா தட்டு வைத்தாள். நான் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும்தான். சாப்பிட்டார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. யாரும் வரவில்லை. இனியனுக்குப் பட்டாசுச் சத்தம் பிடிக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

செம்மேட்டிலிருந்து எலக்ட்ரீஷியன் வீரமணி அண்ணன் வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சங்கிலியைக் கையில் தூக்கினார். "இது என்னங்கண்ணா, வண்டி ஓடிப்போயிரும்னு கட்டி வச்சிருக்கீங்களா?" என்று சிரித்தார். மாமா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

வண்டி நிற்கும் இடத்தில் பாறை. எங்கே மண் ஆழமாக இருக்கும் என்று கேட்டார். மாமா யோசித்தார். "வாழைக்கிட்ட" என்றேன். குளியலறைத் தண்ணீர் வாழைக்குத்தான் போகிறது, அங்கே மண் எப்போதும் ஈரம். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவே தோண்டினார், ஆள் உயரக் குழி. அதில் குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு, அங்கிருந்து வண்டி வரைக்கும் பச்சைக் கம்பி இழுத்தார்கள். மூன்று கம்பி உள்ள புதுக் கேபிள். கசிந்தால் தானாகவே விழுகிற ஒரு டிரிப்பர். கொக்கி குத்திய வயரையும் மாற்றியாகிவிட்டது.

கடைசியில் மாமா பல்பை எடுத்து வந்து கரன்ட் ஓட்டையிலும் மேல் ஓட்டையிலும் வைத்தார். டப்பென்று டிரிப்பர் விழுந்தது.

"எரியவே இல்லியே" என்றார் மாமா.

"எரிய விடாதுங்கண்ணா. அதுதான் அதுக்கு வேலை."

மாமா டிரிப்பரைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்தார். டப். மறுபடியும். டப். வீரமணி அண்ணன் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சங்கிலியைக் கழற்றி ஷெட்டில் ஆணியில் மாட்டியிருக்கிறார். அதில் நான் வைத்த குங்குமம் மழையில் போய்விட்டது.

நவம்பர் 8, சனி

சேலத்திலிருந்து நான்கு பேர் வந்து தங்கினார்கள். ஒரு அம்மா என்னிடம், "ஏம்மா, இந்தத் தகரப் பெட்டில கரன்டு கிரன்டு அடிக்காதுல்ல?" என்றார். பதில் சொல்ல மாமாவைத் தேடினேன், இல்லை. "மூணு கம்பி இருக்குதுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அதனால் வாழைக்கிட்ட கூட்டிக்கொண்டு போய்க் குழாயைக் காட்டினேன்.

நவம்பர் 20, வியாழன்

நேற்று அக்காவின் கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடைய கை மாதிரியோ இருக்கிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. பந்தைப் பிடித்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போகப் போகச் சரியாகலாம் என்றார் டாக்டரம்மா. சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.

இன்று அக்கா பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். நாலு பல்லுக்கு மேல் முடியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். "நீ போயி உன் வேலையைப் பாரு" என்றாள். கோபமாக இல்லை. கொக்கியைப் பற்றி இதுவரை அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வண்டியில் ஏறும்போது மட்டும் முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்கிறாள். டிரிப்பர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மாமா பத்துத் தரம் விழ வைத்துக் காட்டியிருக்கிறார். இருந்தாலும் சுற்றிக்கொள்கிறாள். மாமா அதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறார்.

நான் காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுகிறேன். வாழைக்கிட்ட இருக்கும் குழிக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன். இன்னொரு வாளியை வண்டியின் படிக்கல்லில் ஊற்றுகிறேன். மாமா கொத்திய புள்ளிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் வெறுங்காலில் ஏறி, வலது கையால் கைப்பிடியைப் பிடிக்கிறேன். இருபது எண்ணும்வரை பிடித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் போய் அக்காவை எழுப்புகிறேன்.